ஒன்பது முறை சோதித்த ஹார்ட் டிஸ்க்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது. ஒரு காலை நேரம், கணினிக்குள்ளிருந்து ‘டிக்’ என்றது. கொஞ்சம் இடைவெளி. பிறகு ‘டிக், டிக், சர்ர்ர்.’ பூட்டிய கதவின் கைப்பிடியை யாரோ திருகிப் பார்த்துவிட்டுப் போவதுபோல இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். எனக்கோ வாயெல்லாம் பல். ஆகா, கதை கிடைத்துவிட்டது!

என் பிழைப்பைச் சொன்னால் அந்தச் சந்தோஷம் உங்களுக்குப் புரியும். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு சீட்டு வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காத சீட்டு, அதில் பிழை திருத்துவது என் தொழில். வீட்டிலிருந்தே செய்கிறேன். காலையிலிருந்து மாலைவரை குமட்டல், தலைச்சுற்றல், அரிப்பு. வருடத்துக்கு இரண்டு கதையாவது எழுதினால்தான் எனக்கு மூச்சுவிட முடியும். கடைசிக் கதை எழுதிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

முதல் வாக்கியத்துக்கு நான்கு முயற்சி செய்தேன்:

(அ) அந்தக் கணினி செத்துக்கொண்டிருந்தது, ஆனால் அது யாருக்கும்—
(ஆ) ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதற்கு இரண்டு மனைவி—
(இ) டிக்.
(ஈ) உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:

நான்காவதுதான் நின்றது. உண்மையைச் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறவன் அதற்குப் பிறகு என்ன சொல்வான் என்பது உங்களுக்கே தெரியும்.

(பிறகு செருகியது: இப்படி வளைந்த அடைப்புக்குள் இருப்பவை என் புலம்பல்கள். சதுர அடைப்புக்குள் இருப்பவை என் மனைவி பென்சிலால் எழுதியவை. என் கதைகளை முதலில் வாசிப்பவள் அவள்தான். ஆறாம் பகுதிவரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அவளிடம் கொடுத்தேன். வாசித்துக்கொண்டே அவள் ஓரத்தில் எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன்.)

[(ஆ) நல்லா இருந்துச்சே, ஏன் விட்டீங்க? ரெண்டு மனைவி கேக்குதோ துரைக்கு?]

2

சத்தம் மட்டும் போதாது, கதைக்கு ஆள் வேண்டும். ஆளைத் தேடி வெளியே போகத் தேவையிருக்கவில்லை. அந்தக் கணினியே என் மனைவியுடையது.

அவள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குச் சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பது அவள் வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வருவார். இருபத்தெட்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். அவள் அவரை அண்ணே என்பாள், நான் டிரைவர் அண்ணன் என்பேன். அவர் அவளை டீச்சர் என்பார். அந்தச் சொல் வருவதற்கு ஏழு மாதம் ஆயிற்று.

மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் நாள். அவள் மேஜைமேல் ரெக்கார்டரை வைத்து, “உங்க பேரைச் சொல்லுங்கண்ணே” என்றாள். நாலு நிமிடம் ‘ஆ... ஆ...’ மட்டும்தான். மனிதருக்குச் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் பொறுக்க முடியாமல் மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. திருத்தமாக, கணீரென்று, முழு அழுத்தத்தோடு வந்தது. அச்சில் போட முடியாத சொல். இருபத்தெட்டு வருடம் சிக்னலுக்குச் சிக்னல் பழகிய சொல். என் மனைவி ஒரு நொடி திகைத்துப்போய், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். பக்கத்து அறையில் நான் இருமல் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். (பேச்சு போனாலும் வசவு தங்கிவிடுமாம். “அது வேற ரூம்ல குடியிருக்கு” என்பாள்.)

[விழுந்து விழுந்தெல்லாம் சிரிக்கல. கொஞ்சமா சிரிச்சேன்.]

(ரெக்கார்டரைக் கேட்டால் தெரிந்திருக்கும்.)

போகும்போது அவர் ரெக்கார்டரைக் காட்டி, திரும்பப் போடு என்று சைகை செய்தார். அவள் சொன்னாள்: “இப்ப வேணாம்ணே. நீங்க முழுசாப் பேசுற அன்னிக்கு இதைப் போட்டுக் காட்டுறேன். அதுவரைக்கும் நான் பத்திரமா வெச்சிருப்பேன்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பதிவு. தேதி போட்டு, கணினியில் ஏற்றிவிட்டு, ரெக்கார்டரில் இருப்பதை அழித்துவிடுவாள். மொத்தம் நூற்று நாற்பத்தொன்று. வரும் சனிக்கிழமை கடைசி வகுப்பு. முதல் நாள் பதிவைக் கேட்கும் நாள். அதற்கு அவர் மகளையும் அழைத்து வருகிறார். “அவ... நம்ப மாட்டேங்கிறா, சார். எங்கப்பா... அப்படிப் பேசவே மாட்டாருங்கிறா. வந்து... கேக்கட்டும்” என்று போன வாரம் என்னிடம் சொன்னார். எண்ணிப் பாருங்கள், மூன்று வாக்கியம். அவர் முகத்தில் கல்யாண வீட்டுக்காரர் களை.

அவளுடைய வகுப்பில் ஒரே சட்டம்தான்: முடித்துக் கொடுக்காதே. பேச்சு போனவரைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அவர் ‘நா...’ என்றதும் ‘நாற்காலியா?’ என்று தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அவருக்கு வேலையே இல்லாமல் போய்விடும். நானும் நல்லவன்தான். ஒரு நாள் டிரைவர் அண்ணன் வாசலில் நின்று, “தண்ணி...” என்றார். ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினேன். மரியாதைக்கு அதை வாங்கி முழுக்கக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “...டேங்க்ல... வழியுது, சார்” என்றார். மாடியிலிருந்து அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது.

[அன்னிக்கு நான் உங்களைப் பார்த்த பார்வையையும் எழுதணும்ல?]

3

இனி சோதனை.

ஹார்ட் டிஸ்க் தன் நோய்க்குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. இது எனக்குத் தெரியாது. இலவசமாக ஒரு மென்பொருள் கிடைத்தது. அதை ஓட்டினால் அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டும். நலம் என்றால் பச்சை, கவனம் என்றால் மஞ்சள், போச்சு என்றால் சிவப்பு. எங்களுடையது மஞ்சள். அதற்குக் கீழே வரிசையாக எண்கள். அவற்றில் ஒன்றுதான் முக்கியம் என்று படித்தேன். தட்டில் ஏதாவது ஒரு இடம் கெட்டுப்போனால், டிஸ்க் சத்தமில்லாமல் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, உதிரியாக வைத்திருக்கும் இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். அப்படி எத்தனை இடம் ஒதுக்கப்பட்டது என்ற எண். அது எட்டு என்று காட்டியது.

முழுச் சோதனை என்று ஒரு பொத்தான் இருந்தது. தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வாசித்துப் பார்க்கும். நாலு மணி நேரம். மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் அதை அழுத்தினேன். மதியம் வந்து பார்த்தால் எண் பதினாறு.

ஐயா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது! எட்டு, பதினாறு. இதைவிட ஒரு கதைக்கு என்ன வேண்டும்? உடனே அந்தக் கணினியிலேயே கதையை எழுத ஆரம்பித்தேன். மறுநாளும் சோதித்தேன். பதினாறிலேயே நின்றது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. (இந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று மூன்று தடவை யோசித்தேன். இருக்கட்டும்.) அதற்கடுத்த நாள் நாற்பது. அப்புறம் எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு, இருநூற்றெட்டு. பதினோரு நாளில் எட்டுச் சோதனை முடிந்தது, முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பத்தி எழுதினேன். பதினாலு மாத வறட்சிக்குப் பிறகு மழை.

பயமில்லாமலா செய்தேன்? பயமே இல்லை. ஏனென்றால் நான் முன்ஜாக்கிரதைக்காரன். அந்தக் கணினியில் சி, டி என்று இரண்டு டிஸ்க் உண்டு. மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சி-யில் இருப்பதை எல்லாம் டி-யில் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன். அந்த வேலையை அவள் என்னை நம்பி ஒப்படைத்திருந்தாள். டி-யில் அதற்கென்று ஒரு பெட்டி, பெயர் ‘பத்திரம்’. எனவே சி செத்தால் கதைக்கு ஒரு முடிவு கிடைக்குமே தவிர, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஒன்பதாவது சோதனை அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது. திரை கறுத்தது. அதற்குப் பிறகு கணினி எழுந்திருக்கவே இல்லை.

[இதெல்லாம் எப்ப நடந்துச்சு? மிஷின் சும்மா தூசு தட்டக் கடையில இருக்குன்னுதானே சொன்னீங்க?]

4

கடை மெயின்ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கும் சலூனுக்கும் நடுவில். நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி. தெருவில் எல்லாரும் அவரைக் ‘காது’ என்கிறார்கள். காரணத்தை நேரில் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற டிஸ்க்மேல் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். நெஞ்சுச்சளி பார்க்கும் டாக்டர் போலவே இருந்தது.

“எத்தனை தடவை சோதிச்சீங்க?”

“ஒன்பது, மேடம்.”

கண்ணைத் திறந்தார். “எதுக்கு?”

“எண் ஏறுதான்னு பார்க்க.”

“ஏறுச்சா?”

“ஏறுச்சு.”

“எண் நின்னா பயமில்ல, ஏறினா ஓடணும். ரெண்டாவது தடவை பார்த்தப்பவே ஏறியிருக்குமே. மீதி ஏழு தடவை எதுக்கு சார்?”

கதைக்கு என்று சொல்லாமல் கடைக்கு வெளியே போன சைக்கிளைப் பார்த்தேன்.

“நொண்டுற மனுஷனை தினமும் மாடிப்படி ஏத்தி இறக்கி, கால் தேவலையான்னு கேப்பீங்களா? முதல்ல நகல் எடுக்கணும். அப்புறம்தான் சோதனை. சந்தேகம் வந்த அன்னிக்கே கொண்டாந்திருந்தா அரை நாள்ல எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்திருப்பேன்.”

“அதனால பரவாயில்ல மேடம்” என்றேன், கொஞ்சம் கெத்தாகவே. “எல்லாம் டி-யில இருக்கு. இன்னொரு டிஸ்க்கையும் கழட்டிடுங்க, போதும்.”

“எந்த இன்னொரு டிஸ்க்?”

“சி ஒண்ணு, டி ஒண்ணு...”

அவர் பெட்டியைத் திருப்பி எனக்குக் காட்டினார். உள்ளே தூசி இருந்தது, ஒரு செத்த பல்லி இருந்தது, ஒரு டிஸ்க் மாட்டும் இடமும் இருந்தது. ஒன்றே ஒன்று.

“சார், ஒரு வீட்டுக்கு நடுவுல சுவர் வெச்சு ரெண்டு போர்ஷன் ஆக்கினா வீடு ரெண்டாயிடுமா? இடிஞ்சா ரெண்டும் சேர்ந்துதான் இடியும்” என்றார். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடையில் இருந்த ஸ்டூலில் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன்.

[ஒன்பது தடவையா?]

5

மூன்று நாள் ஆயிற்று. காது அந்த டிஸ்க்கைக் கெஞ்சிக் கொஞ்சி, கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, வந்ததையெல்லாம் இன்னொன்றில் இறக்கினார். டி என்று நான் நம்பிய பகுதி முழுக்கப் போய்விட்டது. சி-யில் பெரும்பகுதி தேறியது.

நூற்று நாற்பத்தொரு பதிவுகளில் நூற்று முப்பத்தெட்டு வந்தன. வராதவை மூன்று. இரண்டு, நடுவில் ஏதோ இரண்டு சனிக்கிழமைகள். மூன்றாவது எது என்று உங்களுக்குத் தெரியும். கற்பனையாக எழுதியிருந்தால் இப்படி ஒரு தற்செயலை வைக்கத் தயங்கியிருப்பேன். வாசகர் அடிக்க வருவார். ஆனால் இது நான் வைத்ததில்லை.

பெயர் இருந்தது, தேதி இருந்தது. திறந்தால் ஒரு நொடி உஸ் என்ற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. “தட்டுலயே கீறல் விழுந்திருக்கு. யார்கிட்ட கொடுத்தாலும் வராது. வீணா நம்பாதீங்க” என்றார் காது.

இன்னொன்றும் வந்திருந்தது. ‘கதை’ என்ற பெட்டி. நான்கு தொடக்கங்கள், எட்டுப் பத்திகள், ஓர் எழுத்துகூடக் குறையாமல்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து, நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தேன். நீங்கள் வாசிப்பது அதைத்தான்.

[.]

(பென்சில் முனை உடைந்த புள்ளி. இந்தப் பக்கத்தில் அவள் வேறொன்றும் எழுதவில்லை.)

6

இன்று வெள்ளி. நாளை சனி. கைவசம் மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று. சனிக்கிழமை காலை, எல்லாரும் உட்கார்ந்திருக்க, யாரோ சும்மா அழுத்திப் பார்க்க, பதிவு பாடத் தொடங்குகிறது. டிரைவர் அண்ணனின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு— எழுதும்போதே கை கூசுகிறது. வேண்டாம்.

முடிவு இரண்டு. இன்னும் நேரம் இருக்கிறது, நானே பேசிப் பதிந்துவிடுவது. நாலு நிமிடம் ஆ... ஆ... என்று இழுத்து, மேஜையில் ஓர் அடி, அந்தச் சொல். எனக்கும் அந்தச் சொல் வரும், இந்த வாரம் நன்றாகவே வருகிறது. நேற்று குளியலறையில் ஒத்திகைகூடப் பார்த்தேன். ஆனால் அந்தப் பதிவின் கடைசியில் அவள் சிரிப்பு இருக்கிறது. அதை நான் எங்கே போய் எடுப்பேன்?

முடிவு மூன்று. மெஷின் தானாகவே செத்துப்போனது. யார் குற்றமும் இல்லை. பழைய டிஸ்க், ஆயுசு அவ்வளவுதான். சுருக்கமான, கௌரவமான முடிவு. இன்று காலை காபி குடிக்கும்போது அவளிடம் சொல்வதற்கு இதைத்தான் மெருகேற்றி வைத்திருந்தேன். “ஒரு விஷயம்” என்றுகூட ஆரம்பித்தேன். “என்ன, சொல்லுங்க” என்று சொல்லி அவள் காத்திருந்தாள். முடித்துக் கொடுக்கவில்லை. அவள் தொழில் அப்படி. என்னால் மேலே போக முடியவில்லை. “கதை முடிஞ்சிடுச்சு, படிக்கிறியா?” என்று இந்த நோட்டைக் காட்டினேன். “ஓ!” என்று முகம் மலர்ந்து பென்சிலைத் தேடப் போனாள்.

பென்சில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. வருகிறாள். கொடுக்கிறேன்.

[மூணாவது முடிவைச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். அதை நினைச்சாதான் ஆத்திரமா வருது. உள்ளே வாங்க.]

7

உள்ளே போனேன். அவள் மேஜையில், டிரைவர் அண்ணன் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. நோட்டை மூடி வைத்திருந்தாள்.

“உங்க கதை மட்டும் முழுசா வந்துச்சா?”

“வந்துச்சு.”

“நல்லா இருந்துச்சா?”

“தெரியல. திறக்கல.”

நோட்டை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, “அவர் அந்த நாற்காலியில வேர்த்து ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே, அது உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல? அப்புறமும் எப்படிங்க மனசு வந்துச்சு?” என்றாள். எனக்குப் பதில் தெரியும். எண் ஏறும்போது நான் அவரை நினைக்கவே இல்லை. அதைச் சொன்னேன். அழுதேன் என்று எழுதினால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான்.

அவள் என் பக்கம் போனைத் தள்ளினாள். “நாளைக்கு அவர் பொண்ணை முன்னாடி வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் ஏமாறக் கூடாது. இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க.”

“நீ சொன்னா அவர் கொஞ்சம்...”

“பத்திரமா வெச்சிருப்பேன்னு சொன்னது நான். அதுக்கு நாளைக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்குறேன். தொலைச்சது நீங்க. கதையா சொல்லாதீங்க, நேரா சொல்லுங்க.”

“அவர் என்ன சொல்லுவாரோ...”

“அது அவர் பாடு. நீங்க முடிச்சுக் கொடுக்காதீங்க.”

8

மூன்றாவது மணியில் எடுத்தார். “ஹலோ... யாரு?” என்றார். அந்த ‘யாரு’ வருவதற்கு நாலு மாதம் ஆனது எனக்குத் தெரியும்.

சொன்னேன். டிக் சத்தம், எட்டு, பதினாறு, நாற்பது. ஒன்பது சோதனை. சுவர் வைத்த ஒரே வீடு. முதல் நாள் பதிவு போய்விட்டது, இனி வராது. கதைக்காக விட்டு வைத்தேன் என்பதையும் சொன்னேன். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இந்தக் கதையில் நான் சொன்ன எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மறுமுனையில் மூச்சு கேட்டது. பின்னால் குக்கர் விசில் அடித்தது. யாரோ பெண்குரல், “யாருப்பா?” என்றது.

“சார்...” என்றார். நின்றார். “அந்த... முதல் நாள்...”

நின்றார்.

என் கை சும்மா இருக்குமா? நோட்டின் ஓரத்தில் அதுவாகவே எழுதிக்கொண்டு போனது:

(அ) அந்த முதல் நாள் போனா போகுது சார், நான்தான் இப்ப பேசு—
(ஆ) அந்த முதல் நாளுக்காகத்தான் சார் நான் மூணு வருஷம்—
(இ) அந்த முதல் நாள் சொன்ன வார்த்தையை இப்ப உங்களுக்குச் சொல்ல—

மூன்றையும் அடித்தேன். மூன்றாவது மட்டும் பிரமாதமாக இருந்தது. கதை அங்கேயே முடிந்திருக்கும், நீங்களும் சிரித்துவிட்டு நோட்டை மூடியிருப்பீர்கள். ஆனால் அது என் வாக்கியம். அவருடைய வாக்கியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் வியர்வை சிந்திச் சேர்த்த மனிதர். அவர் சொத்தில் ஒன்றை ஏற்கெனவே நான் தொலைத்திருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். நல்ல முடிவாகவே இருக்கும், நீங்கள் நல்லவர்கள். சொம்பை எடுத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். வாசற்படியில் என் மனைவி நிற்கிறாள். ஒரு விரலை உயர்த்தி, பொறு என்கிறாள்.

“அந்த... முதல் நாள்ல... நான்...”

உஸ். அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.